மரத்துக்கு அடித்துப் பழகிய கை

போன மாதம் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், நம்மில் ஒருவருக்கு ஐம்பது வயதான கொண்டாட்டத்தில், கேக் வெட்டி முடிந்ததும் நீங்கள் வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தீர்கள். நாம் சிறுவர்களாக இருந்தபோது போட்ட பெரிய வெள்ளிக் கூத்தில், யேசு போர்ச்சேவகனுக்கு அடித்துவிட்டு ஓடிப்போன கதை. ஒருவர் எழும்பி மேசை விரிப்பைப் போர்த்துக்கொண்டு நடித்தும் காட்டினார். சிரித்துச் சிரித்து உங்கள் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கடித்த ரோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தேன். கோபம்தான், வேறென்ன. வீட்டுக்கு வந்தும் அது ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் எல்லாரும் கீழே கதிரைகளில் இருந்தீர்கள். நான் மேடையில் இருந்தேன். எருசலேம் பெண்பிள்ளைகளில் ஒருத்தியாக, தலையில் அம்மாவின் பழைய சீலைத் துண்டோடு, யேசுவைக் கட்டி அடிக்கிற கற்றூணுக்குப் பின்பக்கம். உங்களுக்கு யேசுவின் முதுகு தெரிந்தது, எனக்கு முகம் தெரிந்தது. அடித்த சேவகன் என் அப்பா. அடி வாங்கிய யேசு என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் சிரிக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாமா அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஊரில் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் இராணுவக் காம்பில் வைத்திருந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள் என்பது மட்டும்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. மாடியில் கட்டிலும் கதவும் இடித்துக்கொள்ளும் சின்ன அறையை அவருக்குக் கொடுத்தோம். இரவில் படுக்கப் பயந்து, விறாந்தை லைட்டைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். விடிந்த பிறகுதான் நித்திரை. அப்பாவும் பெற்றோல் அடிக்கிற செட்டில் இரவு ஷிப்ட் முடித்துவந்து பகலில்தான் படுப்பார். ஆக ஒரே நேரத்தில் இரண்டு ஆண்கள் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நித்திரை. அதில் ஒருவர் கத்துவார். சாதாரணக் கத்தல் இல்லை. கேட்டால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சுவரில் கூட்டுகிற தும்புத்தடியால் இடிப்பாள். அப்பா எழும்பிப்போய்க் கதவை உதைப்பார். பிறகு எங்கள் வீட்டில் சட்டி பானை எல்லாம் பறக்கும்.

ஈஸ்டருக்கு முந்திய நோன்பான தவக்காலம் தொடங்கிய கிழமை அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார், ஈஸ்டர் முடிய அவன் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று. அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மாமாவுக்கு வேறு இடம் என்று ஒன்று இல்லை. வேலை செய்ய அனுமதி இல்லை, பாஷை இல்லை, பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருந்தாலே இறங்கிவிடுவார். எங்கள் வீட்டை விட்டால் தெரு. அதை அம்மா அறிவார், அப்பாவும் அறிவார்.

அம்மாவுக்குத் தோன்றிய வழி நேர்த்திக்கடன். அந்த வருசம் பெரிய வெள்ளிக்கு மாமா யேசுவாக நின்றால் ஆண்டவர் அவரைச் சுகமாக்குவார், சுகமானால் கத்தமாட்டார், கத்தாவிட்டால் வீட்டில் இருக்கலாம். அம்மாவின் கணக்கு இவ்வளவுதான். அதில் பிழை பிடிக்க எனக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது. அன்று வீட்டில் எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது, அப்பாவுக்கும்கூட.

யேசுவுக்கு ஏன் ஆள் தேவைப்பட்டது என்பதை இங்கேயே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவின் ஊர் கடற்கரை ஊர். அங்கே பெரிய வெள்ளியில் யேசுவாக மனிதர் நடிப்பதில்லை. பாவமுள்ள உடம்பு அந்த இடத்தில் நிற்கக்கூடாது என்று பழைய ஆட்கள் வைத்த கட்டுப்பாடு. ஆளுயரத்தில் ஒரு மரச் சுரூபம் இருந்தது. கழுத்தும் தோளும் முழங்காலும் அசையும். திரைக்குப் பின்னால் ஒருவர் கயிறு இழுக்க யேசு தலை குனிவார், விழுவார், எழும்புவார். பிலாத்துவும் சேவகர்களும் மட்டும் மனிதர்கள். கற்றூணில் கட்டி அடிக்கிற உரிமை அப்பாவின் குடும்பத்துக்கு. அதை வேறு யாரும் கேட்கவும் முடியாது. பொய் அடி கிடையாது, மரத்தில் விழுகிற சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். பெண்கள் செத்தவீட்டு இராகத்தில் பசாம் பாடுவார்கள், யேசுவின் பாடுகளைச் சொல்லி அழுகிற பாட்டு. அந்தப் பாட்டு முடியுமட்டும் அடி நிற்கக்கூடாது. மீசை அரும்பிய நாளில் இருந்து அப்பா அப்படித்தான் அடித்திருக்கிறார். மரம் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

லண்டனில் எங்களுக்குக் கோயில் மண்டபம் கிடைத்தது, தேத்தண்ணி ஊற்றப் பெரிய பானை கிடைத்தது, சுரூபம் மட்டும் கிடைக்கவில்லை. கோயிலில் இருந்ததெல்லாம் சாந்தில் செய்தவை, தொட்டால் மூக்கு உதிர்ந்துவிடும். அதனால் ஆளை நிறுத்துவோம் என்று அண்ணாவியார் துணிந்தார். கூத்துப் பழக்குகிறவரை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இங்கே அவர் மினிகேப் டாக்சி ஓட்டினார். மாமாவின் தாடியையும் எலும்புக் கன்னத்தையும் பார்த்ததும் அவருக்கு வேறு யோசனையே வரவில்லை. மாமா முதலில் மாட்டேன் என்றார். அம்மா அழுதார். மாமா ஓம் என்றார்.

மண்டபத்தின் மணம் இன்றைக்கும் எனக்கு மூக்கில் நிற்கிறது. நிலத்துக்குப் பூசிய மெழுகும், ஈரக் கோட்டும், கொதித்துக் கொதித்துக் கறுத்த தேத்தண்ணியும். ஒத்திகையில் அப்பா சீலைத் துண்டை முறுக்கி ஒரு பழைய கதிரைக்கு அடிப்பார். மாமா பக்கத்தில் தூணைப் பிடித்தபடி நிற்பார். தூண் என்பது கம்பளக் கடையில் எடுத்த அட்டைக் குழாய், சாம்பல் பெயின்ற் அடித்தது. ஒரு நாள் மாமா அண்ணாவியாரிடம் மெதுவாகக் கேட்டார்.

"அடி விழேக்க நான் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யாத. சுரூபம் என்ன செய்தது? பேசாமல் நிண்டது. நீயும் நில்."

"அது மரம், அண்ணாவியார்."

அண்ணாவியாருக்குச் சினம் வந்துவிட்டது. ஆண்டவர் ஆட்டுக்குட்டிபோல வாய் திறக்காமல் எல்லாம் தாங்கினார், அதுதான் அவருடைய மகிமை என்று ஒரு பிரசங்கம் வைத்தார். அப்பா கதிரையில் காலை வைத்தபடி, அவர் கடவுள், கடவுளுக்கு எங்களைப்போல நோகாது என்று சேர்த்துக்கொண்டார்.

"நோகாட்டி, என்னத்துக்கு அடிச்சவங்கள்?" என்றார் மாமா.

அப்பா சிரித்து, இவனுக்கு வாய் வந்துவிட்டது, நேர்த்தி பலிக்கிறது என்றார். அம்மா அதை நம்பி அன்றைக்கு வீட்டில் பாயாசம் வைத்தார், தவக்காலம் என்பதையும் மறந்து.

அங்கியை அம்மா கட்டில் விரிப்பில் தைத்தார். அடி படாமல் இருக்க, பழைய குஷனைப் பிரித்து எடுத்த ஸ்பொஞ்சை முதுகுக்கு உள்ளே வைத்து நூலோட்டம் மட்டும் போட்டார். பிறகு பிரித்துத் துவைக்க வேண்டுமே என்று. முள்முடிக்கு ரயில் பாதையோரம் மண்டிக்கிடக்கிற முட்கொடியை அண்ணாவியாரே வெட்டிவந்தார். இரத்தத்துக்கு பீட்ரூட் அவித்த தண்ணீர். பெரிய வெள்ளிக் காலையில் உடுப்புக் காயப்போடத் தோட்டத்துக்குப் போன அம்மா, கொடிக்கயிற்றைக் காணவில்லை என்று திரும்பி வந்தார். பச்சை பிளாஸ்டிக் பூசிய கயிறு, உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். ஈர உடுப்பெல்லாம் குளிக்கிற தொட்டியின் விளிம்பில் தொங்கியது. அந்தக் கயிற்றை மூன்றாக முறுக்கி, நுனிகளில் முடிச்சுப் போட்டு, அப்பா தன் கோட்டுக்குள் வைத்திருந்தார். சீலைத் துண்டால் அடித்தால் சத்தம் வராது என்பது அவருடைய கவலை. நல்ல எண்ணத்தோடுதான் செய்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அது அநியாயம்.

மண்டபம் நிரம்பி ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மாமாவைத் தூணில் கட்டினார்கள். பெண்கள் பசாமை எடுத்தார்கள். முதல் அடி ஸ்பொஞ்சில் விழுந்து மொத்தென்றது, கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. அப்பாவின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. கையை இன்னும் ஓங்கினார். இரண்டாவது, மூன்றாவது அடிக்கு அம்மாவின் நூல் அறுந்து ஸ்பொஞ்ச் இடுப்புக்குச் சரிந்தது. அதற்குப் பிறகு சத்தம் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது.

மாமா வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். சொல்லிக் கொடுத்தபடி மரமாக நிற்கப் பார்த்தார். கீழுதட்டைக் கடித்ததில் பல்லோரம் இரத்தம் கசிந்தது, அது பீட்ரூட் இல்லை. என்னைப் பார்த்தார், ஆனால் நான் அவருக்குத் தெரியவில்லை. பிறகு தலையைத் திருப்பிச் சொன்னார்.

"அத்தான், மெதுவா. நோகுது."

அங்கேதான் நீங்கள் சிரித்தீர்கள். யேசு சேவகனை அத்தான் என்று கூப்பிட்டால் சிரிப்பு வரும்தான், குழந்தைகள் நாங்கள், எனக்கு அது விளங்காமல் இல்லை. பெரியவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்பாவின் காதில் விழுந்தது. பரம்பரை உரிமையை லண்டனில் கொண்டுவந்து கோமாளிக் கூத்தாக்கிவிட்டான் என்று அவருக்கு ஏறிவிட்டது. காது சிவந்ததை நான் கண்டேன். சிரிப்பை அடக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அடிதான். பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். பாட்டு முடியவில்லை, அதனால் அடியும் முடியவில்லை. அங்கி தோளில் இருந்து கிழிந்து தொங்கியது. முடிச்சு ஒன்று கழுத்தைச் சுற்றிவந்து மாமாவின் காதைப் பிய்த்தது. மற்றச் சேவகர்கள் தங்கள் வசனப்படி அடி, அடி என்று கத்திக்கொண்டே நின்றார்கள்.

மாமா அதற்குப் பிறகு தமிழில் பேசவில்லை. "மாத்தயா, மாத்தயா" என்றார். சிங்களத்தில் ஐயா என்று கெஞ்சுகிற சொல். அதற்குப் பிறகு அவர் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கவில்லை, ஆனால் குரல் விளங்கியது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பகல் பகலாகக் கேட்ட குரல் அதுதான். அவர் கால்சட்டை நனைந்தது. மேடைப் பலகையில் அது ஓடிவந்து என் செருப்பைத் தொட்டது.

பிறகு நடந்ததை நீங்கள் சரியாகத்தான் சொல்கிறீர்கள். அட்டைத் தூண் நடுவால் முறிந்தது. மாமா கையில் கட்டோடு திரும்பி, அப்பாவின் கையில் இருந்த கயிற்றைப் பறித்து முகத்துக்கு விளாசினார். அப்பாவின் புருவம் பிளந்தது. அப்பா கைமுட்டியால் அவருடைய வாயில் குத்தினார். விழுந்தவரை இரண்டு சேவகர்கள் ஏறி மிதித்தார்கள், தகரத் தொப்பி உருண்டது, முள்முடி ஒருவரின் கையில் குத்த, அவர் இன்னும் பலமாக மிதித்தார். ஒத்திகையில் யேசுவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பெடியங்கள்தான். அம்மா கதிரைகளுக்கு மேலால் ஏறி வந்தார். சேவகன் ஒருவனின் தலைமயிரைப் பிடித்து இழுத்து எறிந்தார். அந்த இடைவெளியில் மாமா பக்கக் கதவால் ஓடினார்.

அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். பெருந்தெருவில் பஸ் தரிப்பிடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கிழிந்த விரிப்பு, நெற்றியில் முள். வரிசையில் நின்ற சனம் அவரைப் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டது. ஒரு கிழவி மட்டும் தன் கடைப் பையை மடியில் எடுத்து வைத்து, அவர் வசதியாக இருக்க இடம்விட்டு நகர்ந்திருந்தாள். அந்த நாளில் அவருக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

வீட்டில் அம்மா அங்கியைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்றினார், முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. குசினிக் கதிரையில் மாமாவைத் திருப்பி உட்காரவைத்து வெந்நீரால் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். கோட்டைக் கழற்றாமலே, நாளைக்கு இவன் போக வேண்டும், ஈஸ்டர்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றார். ஊர் சனத்துக்கு முன்னால் தன்னை மாத்தயா என்று கூப்பிட்டதுதான் அவருக்குத் தையலைவிட நொந்தது. தன்னை ஆமிக்காரன் ஆக்கிவிட்டானாம்.

அம்மா எழும்பிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து மாமாவின் முதுகில் வைத்தார். அப்பா கையை எடுக்கப் பார்த்தார். அம்மா விடவில்லை.

"நல்லாப் பாருங்கோ," என்றார். "எது ஆமிக்காரன் அடிச்சது, எது நீங்கள் அடிச்சது எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

நானும் பார்த்தேன். பழைய தழும்புகள் தோள்பட்டையில் இருந்து இடுப்புவரை வெளுத்துப்போய்க் கிடந்தன. அதற்கு மேலேயே புதியவை சிவந்து தடித்திருந்தன. அப்பாவின் விரல் ஒன்றில் இருந்து மற்றதற்குப் போனது. மாமா சுவரைப் பார்த்தபடி பேசினார், கோபம் இல்லாமல், யாருக்கோ வழி சொல்வதுபோல.

"அங்கையும் பாட்டுப் போடுவினம், அத்தான். ரேடியோவில. கத்துறது வெளியில கேக்கக் கூடாதெண்டு. பாட்டு முடியுமட்டும் அடிப்பான். அவனும் நல்ல மனுசன்தான், முடிஞ்சாப் பிறகு தண்ணி தருவான்."

அப்பாவின் முகம் நான் அதுவரை பார்க்காத ஒரு முகமாக மாறியது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போகிறவர் தன் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை.

அடுத்த நாள் சனி. மாமா தானாகவே தன் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவோம் என்று முன்னறை சோபாவில் சப்பாத்துக் காலோடு காத்திருந்தார். காத்திருந்தபடியே குப்புறச் சரிந்து நித்திரையாகிவிட்டார். அம்மா அவரை எழுப்பவில்லை. நான் படியில் உட்கார்ந்து கதவையும் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிடப் பிந்தி மத்தியானம்தான் அப்பா வந்தார், பெற்றோல் மணத்தோடு, புருவத்தில் கட்டோடு. பையைக் கண்டார். அதைத் தாண்டி உள்ளே அடியெடுத்து வைத்தபோது மாமா கத்தத் தொடங்கினார்.

அப்பா வழக்கம்போல உதைப்பார் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் போய்ச் சோபாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் முழங்காலிட்டார். மாமாவின் கை கண்மூடித்தனமாக வீசியது. அப்பாவின் தோளில் விழுந்தது, மார்பில் விழுந்தது, வாயில் விழுந்தது. அந்தக் கைகளை ஒரே பிடியில் அடக்கக்கூடிய பலம் அப்பாவுக்கு இருந்தது. அவர் பிடிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் தொடையில் வைத்துக்கொண்டு, "நான்தான், அத்தான்தான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அது கேட்கவில்லை. அடுத்த குத்து நேராகத் தையலில் விழுந்தது. தையல் விட்டு, இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. அப்பா, தன் விரலைக் கதவில் நசித்தபோதும் முனகாத மனுசன், "ஐயோ அம்மா" என்று வீடு அதிரக் கத்தினார்.

பக்கத்து வீட்டுக்காரி சுவரில் இடித்தாள்.

மாமா கண்ணைத் திறந்தார். தன் கைமுட்டியில் இருந்த இரத்தத்தைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அவருக்கு ஆள் தெரிந்தது.

"நொந்துபோச்சே, அத்தான்?"

"ஓம், தம்பி," என்றார் அப்பா. அவர் அழுதுகொண்டிருந்தார், அதை மறைக்கவும் இல்லை. "நல்லா நொந்துபோச்சு."

அம்மா குசினியில் இருந்து வந்து இருவரையும் ஒருதரம் பார்த்தார். பிறகு வாசலில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.